சுவரோடு சேர்ந்த பெயர்கள்: நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் பழைய பலகைகள்

சப்வே என்றால் நமக்குச் சாலைக்கு அடியில் போகும் நடைபாதைதான் முதலில் நினைவுக்கு வரும். நியூயார்க்கில் அந்தச் சொல் நகரத்துக்கு அடியில் ஓடும் ரயிலைக் குறிக்கிறது. அந்த ரயிலின் பழைய நிலையம் ஒன்றில் இறங்கிச் சற்று நின்று பார்த்தால், அதே நிலையத்தின் பெயர் இரண்டு விதமாக எழுதியிருப்பது தெரியும். தலைக்கு மேலே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரு முறை. சுவரில் விரல் நக அளவுச் சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக்கில் இன்னொரு முறை. முதலாவதைக் கழற்றி மாட்டலாம். இரண்டாவதைக் கழற்ற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் இடையில் சுமார் 60 ஆண்டு வரலாறு இருக்கிறது. பழைய பலகைகள் அழகானவை, புதியவை பயனுள்ளவை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. தரைக்கு மேலே வண்டியில் போகிறவருக்குக் கோபுரம், மணிக்கூண்டு, முச்சந்தியில் இருக்கும் கடை என்று ஏதாவது ஓர் அடையாளம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பூமிக்கு அடியில் அப்படி எதுவும் கிடையாது. எல்லாத் திசையும் ஒரே மாதிரி. அங்கே இருப்பவருக்கு இரண்டு கேள்விகள் வரும்: இது எந்த இடம்? நான் எந்தப் பக்கம் போக வேண்டும்? பழைய மொசைக் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே பிறந்தது. கறுப்புப் பலகை இரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்தது. இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பது புரிய நகரத்துக்கு அத்தனை காலம் பிடித்தது.

நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27 அன்று ஓடத் தொடங்கியது. 28 நிலையங்கள். கட்டணம் 5 சென்ட். பாதை அமைக்கும் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். இது ஒரு பெரிய பொதுப்பணி, மக்கள் கண்ணில் படும் ஒவ்வொரு பகுதியும் நன்றாக வேலை செய்வதோடு பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். காண்டிராக்டருக்கும் நகராட்சிக்கும் இடையிலான காகிதத்தில் அழகு ஒரு நிபந்தனையாக எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்க்லே பார்சன்ஸ். நிலையங்களின் தோற்றத்தை ஜார்ஜ் ஹெயின்ஸ், கிறிஸ்டஃபர் கிரான்ட் லாஃபார்ஜ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். இவர்கள் மைத்துனர்கள், லாஃபார்ஜின் சகோதரியை மணந்தவர் ஹெயின்ஸ். அதே நகரத்தில் செயின்ட் ஜான் பேராலயத்தை வடிவமைக்கும் பொறுப்பும் அப்போது இவர்களிடம்தான் இருந்தது.

ஆனால் பேராலயத்தில் கிடைத்த சுதந்திரம் சுரங்கத்தில் கிடைக்கவில்லை. தூண்கள் எங்கே, கூரை எவ்வளவு உயரம், நடைமேடை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் பொறியாளர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். கட்டடக் கலைஞர்களுக்கு மிச்சமிருந்தது சுவரின் மேற்பரப்பு. அதைத்தான் அவர்கள் ஏடாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சுவரைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம். அடியில் மங்கிய மஞ்சள் நிறச் செங்கல் வரிசை. கால், பெட்டி, துடைப்பம் எது மோதினாலும் தாங்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் மூலை கிடையாது, வளைத்துவிட்டிருப்பார்கள். மூலை இருந்தால் அழுக்குத் தங்கும், நோய்க்கிருமிகளைப் பற்றிய பயம் மக்களிடம் பரவியிருந்த காலம் அது. அதற்கு மேல் பளபளப்பான வெள்ளை ஓடுகள். அன்றைய மின்விளக்குகளின் மங்கலான வெளிச்சத்தைத் திருப்பி வீச அவை உதவின. ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். உச்சியில், கூரையைத் தொடும் இடத்தில், வண்ணப் பட்டை ஒன்று ஓடும். நடைமேடையின் தூண்கள் 15 அடி இடைவெளியில் நின்றதால், சுவரையும் அதே 15 அடிக் கணக்கில் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வைப்பதற்கு ஏதாவது வேண்டும் அல்லவா? அங்கேதான் பெயரும் படமும் வந்தன.

பெரிய மொசைக் பலகைகளில் நிலையத்தின் முழுப்பெயர். அவற்றுக்கு இடையே, மேல் பட்டையில், கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய சிற்பத் தகடுகள். அஸ்டர் பிளேஸ் நிலையத்தில் மரத்தைக் கொறிக்கும் பீவர் என்ற நீர்விலங்கு இருக்கிறது; அந்த இடத்துக்குப் பெயர் தந்த ஜான் ஜேக்கப் அஸ்டர் பணக்காரரானது பீவர் தோல் வியாபாரத்தில். கொலம்பஸ் சர்க்கிளில் கொலம்பஸ் பயணம் செய்த சாந்தா மரியா கப்பல். ஃபுல்டன் தெருவில் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு. வால் ஸ்ட்ரீட்டில், அந்தத் தெருவுக்கே பெயர் தந்த பழைய டச்சுக்காரர்களின் மரவேலியும் படிப்படியாக ஏறும் முகப்புள்ள வீடும். ஒவ்வொன்றும் அந்த இடத்தின் தலபுராணத்தை ஓர் அடிக்குள் சொல்லிவிடுகிறது.

இவற்றைச் செய்தவை பாஸ்டனின் குரூபி, சின்சினாட்டியின் ரூக்வுட் போன்ற பெயர்பெற்ற மட்பாண்டக் கூடங்கள். பணக்கார வீடுகளில் பூச்சாடியாக நின்ற அதே கைவேலை, 5 சென்ட் கொடுத்து ஏறும் தொழிலாளியின் கண் எதிரே வந்தது. களிமண்ணை அச்சில் அழுத்தி, ஒரு முறை சுட்டு, மெருகுப் பூச்சுக் கொடுத்து மறுபடி சூளையில் வைத்து எடுத்தார்கள். நிறம் மேலே பூசிய சாயமாக இல்லாமல், மண்ணோடு உருகிச் சேர்ந்த கண்ணாடியாக ஆகிவிடுகிறது. 120 ஆண்டுப் புகையும் இரும்புத் தூசும் படிந்த பிறகும் கழுவினால் நிறம் திரும்புவதற்குக் காரணம் இதுதான். பிளீக்கர் தெரு நிலையத்தின் பெரிய நீள்வட்டத் தகடுகளில் இருக்கும் அந்த நீலத்தை அச்சிட்ட படத்தில் பார்த்தால் பாதிதான் தெரியும்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத குடியேறிகளுக்காகவே இந்தப் படங்களை வைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் காலத்து நியூயார்க்கில் பல நாட்டு மக்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. பீவர் வந்ததும் இறங்கு என்று ஒரு தாய் மகனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனாலும் அதுதான் நோக்கம் என்று உறுதியாகச் சொல்ல நான் தயங்குவேன். பல நிலையங்களின் தகடுகளில் வெறும் தெரு எண்ணும் அலங்காரக் கொடியும்தான் இருக்கின்றன. இடத்தின் கதையைக் கட்டடத்தின் உடம்பில் பொறித்து வைப்பது அந்தத் தலைமுறைக் கட்டடக் கலைஞர்களின் பழக்கம். படிக்கத் தெரியாதவருக்கும் அது உதவியிருந்தால் நல்லதே.

இத்தனை அக்கறையோடு கட்டிய சுவர்கள் திறப்பு விழா முடிந்த கையோடு விளம்பரத் தட்டிகளுக்குப் பின்னால் போயின. ரயிலை நடத்திய தனியார் நிறுவனத்துக்கு விளம்பர வருமானம் வேண்டியிருந்தது. ஓடுகளில் துளை போட்டுத் தகரச் சட்டங்களை மாட்டினார்கள். பத்திரிகைகள் கொதித்தன, கலை அமைப்புகள் எதிர்த்தன, வழக்கும் நடந்தது. கடைசியில் விளம்பரங்கள் நிலைத்துவிட்டன. பெயர்ப்பலகை சோப்பு விளம்பரங்களுக்கு நடுவே தன் இடத்துக்குப் போராட வேண்டி வந்தது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அந்த முதல் பாதையின் முடிசூடிய நிலையம் சிட்டி ஹால். பாதை அங்கே வட்டமாக வளைகிறது, நடைமேடையும் வளைவு. கூரை முழுவதும் ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் குவாஸ்டவினோவின் முறையில் மெல்லிய ஓடுகளை அடுக்கி எழுப்பிய வளைவுகள். நடுவில் வெளிச்சம் இறங்கும் கண்ணாடிகள். அங்கே விளம்பரத்துக்கு இடமே இல்லை. பின்னாளில் ரயில்கள் நீண்டன, பெட்டிகளின் நடுவிலும் கதவுகள் வந்தன. வளைந்த நடைமேடைக்கும் நேரான பெட்டிக்கும் நடுவே இடைவெளி ஆபத்தான அளவுக்கு விழுந்தது. 1945 டிசம்பர் 31 அன்று நிலையத்தை மூடிவிட்டார்கள்.

ஹெயின்ஸ் 1907இல் இறந்துவிட, அதன் பிறகு நிலைய வடிவமைப்பு ஸ்குவயர் விக்கர்ஸ் என்ற மனிதரின் கைக்கு வந்தது. 1942 வரை அவரே. நியூயார்க்கின் சுரங்கம் எப்படி இருக்கும் என்பதை வேறு யாரையும்விட அதிகமாக முடிவு செய்தவர் அவர். அவரே ஓவியரும்கூட. 1913இல் கையெழுத்தான பெரிய விரிவாக்க ஒப்பந்தங்களால் அவர் காலத்தில் ஏராளமான நிலையங்கள் கட்ட வேண்டியிருந்தது, பணமோ குறைவு. புடைப்புச் சிற்பத் தகடுகள் விலை அதிகம், புடைப்பின் மேல் தூசும் படியும். அதனால் அவர் சுவரோடு சுவராகத் தட்டையாக இருக்கும் மொசைக்குக்கு மாறினார். சிற்பத்தின் இடத்தை நிறம் எடுத்துக்கொண்டது. கிட்டே போய்ப் பார்த்தால், ஒரே பச்சை என்று நினைத்த பட்டையில் ஐந்தாறு பச்சைகள் கலந்திருப்பது தெரியும். தூரத்திலிருந்து அது உயிருள்ள பச்சையாகத் தெரிவதன் ரகசியம் அந்தக் கலப்பில் இருக்கிறது.

விக்கர்ஸ் காலத்துப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கனால் தெருவில் 1ஆம் எண் ரயில் நிற்கும் நிலையத்தில் இருப்பது. பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் சாப்பல் என்று பழைய தேவாலயம் ஒன்று நின்றது. அதன் கோபுரத்தை மொசைக்கில் வரைந்து சுவரில் பதித்தார்கள். நிலையம் 1918இல் திறந்தது. அதே காலத்தில் மேலே அந்தத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். கீழே இருக்கும் கோபுரம் இன்னும் நிற்கிறது.

1932 செப்டம்பர் 10 அன்று நகராட்சி தானே கட்டிய எட்டாவது அவென்யூ பாதை திறந்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலம். படங்களும் வேலைப்பாடும் போய்விட்டன. வெள்ளைச் சுவர், ஒரு வண்ணப் பட்டை, எளிய எழுத்து, அவ்வளவுதான். வெறுமையாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அந்த வண்ணப் பட்டைக்குப் பின்னால் இருக்கும் யோசனையைக் கவனிக்க வேண்டும். ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வரிசை. எக்ஸ்பிரஸ் நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் நிறம் மாறும். அடுத்த எக்ஸ்பிரஸ் நிலையம் வரும் வரை இடையிலுள்ள லோக்கல் நிலையங்கள் அந்த நிறத்தின் குடும்பத்திலேயே இருக்கும். 34ஆவது தெரு சிவப்பு என்றால் 42 ஊதா, 59 நீலம், 125 பச்சை, 145 மஞ்சள். சிவப்பு முடிந்ததும் மறுபடி ஊதா. எக்ஸ்பிரஸ் நிலையங்களில் பட்டை அகலமாகவும் இருக்கும்.

தன் வீடு பச்சை நிலையத்தில் என்று தெரிந்த ஒருவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கும்போது ஜன்னலில் மஞ்சள் தெரிந்தால் தாண்டிவிட்டோம் என்று உடனே புரிந்துகொள்ளலாம். எழுத்தைப் படிக்கவே வேண்டாம். சுவர் முழுவதும் பலகையாகிவிடுகிறது. இதைவிட எளிமையான, இதைவிட அமைதியான வழிகாட்டும் முறையை நான் அறிந்ததில்லை. ஆனால் தினமும் அதே பாதையில் போய்வருபவருக்கு மட்டும்தான் இது உதவும். புதிதாக வருபவருக்கு அது வெறும் நிறம். ஐந்து நிறங்கள் சுழன்று சுழன்று வருவதால், நீலத்தைப் பார்த்தவுடன் இது எந்த நீலம் என்று சொல்லவும் முடியாது.

எழுத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. 1904இன் எழுத்துகள் நுனியில் கொம்பு வைத்தவை. விக்கர்ஸ் 1932இல் அந்தக் கொம்புகளை வெட்டிவிட்டார். வண்ணப் பட்டைக்குக் கீழே, சின்னக் கறுப்பு ஓடுகளில் வெள்ளை எழுத்தாக, நிலையப் பெயரைச் சிறிய இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வைத்தார். பெட்டியின் எந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். வெளியேறும் வழி எந்தத் தெருவுக்குப் போகிறது என்று அம்புக்குறியோடு சொல்லும் ஓடுகளும் சுவரில் இருந்தன. பழைய நிலையங்கள் வழியே சொல்லவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனால் சுவரில் பதித்த அம்பு நிரந்தரமானது. ரயில் பாதைகள் நிரந்தரமாக இருக்கவில்லை.

மாறுகிற விஷயங்களுக்கு எனாமல் பலகைகள் இருந்தன. எனாமல் தட்டு, எனாமல் குவளை புழங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சுமார் 800 டிகிரி வெப்பத்தில் சூளையில் வைத்தால், தூள் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பின்னணி நிறம், பிறகு அச்சுத் தகடு வைத்து எழுத்தின் நிறம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுட வேண்டும். அதனால்தான் பழைய எனாமல் பலகையில் விரலை ஓட்டினால் எழுத்தின் விளிம்பு சற்றே மேடாகத் தட்டுப்படும். வெயிலில் வெளுக்காது, துருப்பிடிக்காது. அடிபட்டுச் சில்லு பெயர்ந்தால் மட்டும் அந்த இடத்தில் இரும்பு வெளியே தெரிந்து துரு கிளம்பும். பெரும்பாலும் திருகாணித் துளைகளைச் சுற்றி. நடைமேடைத் தூண்களிலும் உத்தரங்களிலும் இப்படிப்பட்ட பலகைகள் ஆயிரக்கணக்கில் தொங்கின.

சரி, குழப்பம் எங்கே தொடங்கியது? 1940 வரை நியூயார்க்கில் மூன்று அமைப்புகள் தனித்தனியாக ரயில் விட்டன. இரண்டு தனியார் நிறுவனங்கள், ஒன்று நகராட்சியுடையது. அந்த ஆண்டு மூன்றும் நகரத்தின் கைக்கு வந்தன. பாதைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தாலும் பலகைகள் ஒன்றாகவில்லை. ஓரிடத்தில் பாதைக்கு எண், இன்னோர் இடத்தில் எழுத்து, மற்றோர் இடத்தில் வெறும் பெயர். புதிய தேவை வந்தபோது புதிய பலகை மாட்டினார்கள், பழையதைக் கழற்றவில்லை. மொசைக் ஒன்று சொல்லும், எனாமல் இன்னொன்று சொல்லும், நடுவில் கையால் எழுதிய அட்டை வேறு ஏதாவது சொல்லும். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம் கொடுத்து இதையெல்லாம் சீர்செய்யலாம் என்று 1950களில் ஜார்ஜ் சாலமன் என்ற வடிவமைப்பாளர் யோசனை சொன்னார். அவர் வரைந்த வரைபடத்தை 1958இல் அச்சிட்டார்கள். பலகை யோசனை கிடப்பில் போய்விட்டது.

1966இல் ரயில் நிர்வாகம் யூனிமார்க் என்ற வடிவமைப்பு நிறுவனத்தை அழைத்தது. பரிந்துரைத்தவர் நவீன கலை அருங்காட்சியகத்தின் மில்ட்ரெட் கான்ஸ்டன்டைன். வந்தவர்கள் இருவர்: இத்தாலியரான மாசிமோ வின்யெல்லி, ஆம்ஸ்டர்டாமில் பிறந்து மிலானில் வாழ்ந்த பாப் நூர்டா. 1964இல் திறந்த மிலான் மெட்ரோவின் பலகைகளை நூர்டாதான் வடிவமைத்திருந்தார். அங்கே அவர் நிலையத்தின் நீளம் முழுவதும் ஒரு சிவப்புப் பட்டையை ஓடவிட்டு, 5 மீட்டருக்கு ஒரு முறை அதில் பெயரை எழுதினார். விக்கர்ஸ் 1932இல் செய்ததற்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தைப் பாருங்கள். ஓடும் பெட்டியின் ஜன்னலிலிருந்து யோசிக்கிற யாரும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள் போலிருக்கிறது.

நியூயார்க்கில் நூர்டா முதலில் செய்தது நடந்து பார்ப்பது. முக்கியமான சந்திப்பு நிலையங்களில் நின்று, கூட்டம் எங்கே பிரிகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று குறித்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு மரம் கிடைத்தது: வாசல், கிளை, கிளையிலிருந்து கிளை. பயணி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அந்த முடிவுக்குத் தேவையான தகவல் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். இதைக் கேட்டால் மிகச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் பலகை என்பது சுவருக்குச் சொந்தம் என்ற அறுபது ஆண்டு நினைப்பை இது மாற்றியது. பலகை இனி நடக்கிறவரின் பாதைக்குச் சொந்தம். சுவர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, கால் எங்கே தயங்குகிறது என்பதுதான் முக்கியம்.

அவர்கள் தந்த திட்டத்தில் சதுரப் பலகைகள் கட்டங்களாக இருந்தன. ஒரு சதுரத்தில் வண்ண வட்டமும் அதற்குள் ரயிலின் எழுத்தும், அடுத்ததில் அம்பு, அடுத்ததில் ஊர்ப்பெயர். பாதை மாறினால் ஒரு சதுரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் போதும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. எழுத்துரு ஸ்டாண்டர்ட் மீடியம், ஜெர்மனியில் அக்ஸிடென்ஸ் குரோட்டெஸ்க் என்று பெயர்பெற்றது. ஹெல்வெட்டிகாதான் நியூயார்க் சப்வேயின் எழுத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அது அதிகாரபூர்வமாக வந்தது 1989இல்தான்.

திட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ரயில்வேயின் சொந்தப் பலகைப் பட்டறை இருந்தது. புரூக்ளினில் பெர்கன் தெருவில் அது இயங்கியது. யூனிமார்க்கின் வரைபடங்களில் ஒவ்வொரு பலகையின் உச்சியிலும் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. சதுரங்களைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை அது குறித்தது. பட்டறையில் அதை வடிவமைப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, பலகையின் மேலேயே கறுப்புக் கோடாக வரைந்துவிட்டார்கள். சட்டமும் வரவில்லை, கழற்றி மாட்டும் சதுரமும் வரவில்லை. கோடு மட்டும் வந்தது. கையில் கிடைத்த காகிதத்தை நேர்மையாகப் பின்பற்றிய தொழிலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விளக்கிச் சொல்ல ஆள் அனுப்பாதவர்கள்தான் பொறுப்பு. அந்தக் கோடு அப்படியே தங்கிவிட்டது. இன்றைய கறுப்புப் பலகைகளின் உச்சியில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடுவது அதே கோடுதான்.

இதற்கிடையே 1967 நவம்பர் 26 அன்று கிறிஸ்டி தெரு இணைப்பு திறந்தது. தனித்தனியாக இருந்த இரண்டு அமைப்புகளின் பாதைகள் ஒரே நாளில் ஒன்றோடொன்று கலந்தன. நேற்றுவரை ஏறிய ரயில் இன்று வேறு ஊருக்குப் போனது. புதிய பலகைகள் பாதிதான் வந்திருந்தன, பழையவை கழற்றப்படாமல் பக்கத்திலேயே தொங்கின. பயணிகள் தவித்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் நிர்வாகம் யூனிமார்க்கை மறுபடி அழைத்து முறையான விதிநூல் ஒன்றைக் கேட்டது. அது 1970இல் வந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி, அம்பின் கோணம், நிறம், பலகை தொங்கும் முறை என்று எல்லாவற்றையும் சொல்லும் நூல். சில ஆண்டுகளிலேயே வெள்ளைப் பலகை கறுப்பாகவும் கறுப்பு எழுத்து வெள்ளையாகவும் தலைகீழானது. அழுக்கும் கிறுக்கல்களும் வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தன. மங்கலான நிலையத்தில் கறுப்பின் மேல் வெள்ளை நன்றாகப் படிக்கவும் முடிந்தது.

புதிய பலகைகள் வந்ததோடு நின்றிருந்தால் பழைய சுவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் நவீனமாக்குகிறோம் என்று பிராட்வே பாதையின் சில நிலையங்களில் விக்கர்ஸின் மொசைக்கையே புதிய சுவரால் மூடினார்கள். அந்தக் காலத்துப் புதுப்பிப்புகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பிலிப் ஜான்சன் வடிவமைப்பில் 1973இல் பளபளக்கும் ஆரஞ்சுச் சிவப்புச் செங்கல்லால் மாறிய 49ஆவது தெரு நிலையம் இன்றும் துணிச்சலாகத்தான் இருக்கிறது. மற்றவை குளியலறைச் சுவர் போல ஆயின. பின்னாளில் பிரின்ஸ் தெரு, 8ஆவது தெரு நிலையங்களில் பழைய மொசைக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1979இல் முதல் பாதைக் காலத்தின் 12 நிலையங்களின் உட்புறத்தை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தார்கள். 1986இல் அஸ்டர் பிளேஸ் புதுப்பிக்கப்பட்டபோது பீவர்கள் சுத்தமாகி வெளிச்சத்துக்கு வந்தன. வரைகலை வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் அங்கே புதிய சுவரோவியம் செய்தார். வாசலில் 1904இல் இருந்தது போன்ற வார்ப்பிரும்புக் கூடாரம் ஒன்றையும் மறுபடி வார்த்து நிறுத்தினார்கள். அந்தக் கூடாரங்களின் மூலம் புடாபெஸ்ட் சுரங்க ரயிலின் வாசல்கள். நியூயார்க் தெருக்களிலிருந்து 1960களுக்குள் அத்தனையும் அகற்றப்பட்டிருந்தன.

எனாமல் பலகைகளின் கதி வேறு. அவற்றுக்குச் சுவரின் பாதுகாப்பு இல்லை. திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பல இரும்புக் கடைக்குப் போயின, பல சேகரிப்பாளர்களின் வீட்டுச் சுவருக்குப் போயின. ரயில் நிர்வாகமே பழையவற்றை விற்கிறது. பார்த்தால் பழையது போலச் செய்த தகரப் பலகைகளும் சந்தையில் ஏராளம். நான் மேலே சொன்ன எழுத்து விளிம்பின் மேடும், துளையைச் சுற்றிய துருவும், எடையும்தான் உண்மையைச் சொல்லும். வாங்க வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் புரூக்ளினில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1936இல் திறந்து பத்தே ஆண்டில் மூடப்பட்ட கோர்ட் தெரு நிலையத்துக்குள்ளேயே அது 1976 முதல் இயங்குகிறது. 1970 விதிநூலின் பிரதி ஒன்று 2012இல் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தின் அடித்தளத்தில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்த இளைஞர்கள் மறுபதிப்புக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது 8 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பலகை மாட்டும் விதிகளுக்கு இத்தனை வாசகர்கள்!

அந்தப் பக்கம் போகிற வாய்ப்புக் கிடைத்தால், பழைய நிலையம் ஒன்றில் நடைமேடையின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நடந்து பாருங்கள். ஓரிடத்தில் செங்கல் அடி நின்றுவிடும், ஓட்டின் அளவு மாறும், சிற்பப் பட்டை துண்டாக முடியும். ரயில்கள் நீண்டபோது நடைமேடையை நீட்டிய இடம் அது. ஒரே சுவரில் இரண்டு மூன்று காலங்களின் ஓடுகள் தையல் போட்டது போல நிற்கும்.

அப்புறம், 6ஆம் எண் ரயிலில் தெற்கே கடைசி நிறுத்தமான புரூக்ளின் பிரிட்ஜ் வரை போங்கள். ரயில் திரும்புவதற்காகப் பழைய வட்டப் பாதைக்குள் நுழையும். பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், வேகம் குறைந்து சக்கரம் கிறீச்சிடும் நேரத்தில் வலது பக்க ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். இருட்டுக்குள் ஓட்டு வளைவுகள் ஒவ்வொன்றாக நகரும். யாரும் இறங்காத அந்த நடைமேடையின் சுவரில், சுட்ட மண்ணில், நிலையத்தின் பெயர் இருக்கிறது: சிட்டி ஹால்.